கிளிப் எங்கே, மார்லிஸ்?

ஆகஸ்ட் மாதம் என் கணவன் வெர்லின் தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். டோலன் ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது. வந்தவர்களில் ஒருவர்கூட இடுப்பு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரிக்கவில்லை. "இனிமே சங்கிலிய யாரு பிடிக்கிறது?" என்றுதான் கேட்டார்கள்.

சங்கிலி என்றால் ஃபுட்பால் சங்கிலி. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் நெப்ராஸ்கா ஃபுட்பால். பந்து வைத்திருக்கும் அணி நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தைக் காட்டத்தான் மைதானத்தின் ஓரத்தில் சங்கிலி. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கம்பு. பின் கம்பு, தொடங்கிய இடம். முன் கம்பு, போய்ச் சேரவேண்டிய இடம். வெர்லின் இருபத்திரண்டு வருஷம் பின் கம்பைப் பிடித்தவன்.

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

படுக்கையில் கிடந்த வெர்லின் சிரித்தான். சிரித்ததில் இடுப்பு சுரீரென்று இழுத்தது. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் டுவேனும் சிரித்தான். ஆனால் ஆள் கிடைக்கவில்லை. அறுவடைக் காலம், ஆண்கள் எல்லாம் சோளக்கொல்லையில் இருந்தார்கள். கடைசியில் ஆரஞ்சு மேல்சட்டையையும் ஒரு விதிப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தான்.

"மார்லிஸ், இந்த ஒரு சீசன். ஒரே ஒரு தப்பு பண்ணாலும் சட்டையக் கழட்டிக் குடுத்துடணும். அறுவடை முடிஞ்சா எனக்கு ஆள் இருக்கு."

"ஆம்பிளைங்களுக்கு எத்தனை தப்பு?" என்றேன்.

பதில் எனக்கே தெரியும். எண் பலகை பிடிக்கிற லாவெர்ன், போன வருஷம் மேலே பறந்த வாத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் வாய்ப்பை இரண்டாம் வாய்ப்பு என்று காட்டினான். முன் கம்பு பிடிக்கிற மைலோ ஆட்டத்தின் நடுவே கழிப்பறைக்குப் போனபோது கம்பையும் கையோடு கொண்டுபோனான். இவர்கள் சட்டையை யாரும் கழற்றவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அந்தச் சட்டை எனக்கு வேண்டியிருந்தது. புல்லுக்குப் பக்கத்தில், பையன்கள் மூச்சு வாங்குவது காதில் விழுகிற தூரத்தில் நின்று ஆட்டம் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். முப்பது வருஷம் எதிர்ப்பக்கப் பலகையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிறவர்களின் தொப்பியைப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். சங்கிலி பிடித்த ஆண்களில் ஒருவனும் அதைத் திறந்ததே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒருநாள் சாய்வு நாற்காலியில் கிடந்த வெர்லினிடம் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"நாலாவது வாய்ப்பு. கோல் கம்பத்துக்கு நடுவுல போக மூணு புள்ளிக்கு உதைக்கிறாங்க. எதிராளி கையத் தூக்கித் தடுத்துட்டான். அப்புறம் என்ன?"

"அப்புறம் என்ன, கதை முடிஞ்சுது. பந்து அவங்களுக்கு."

"தப்பு. பந்து, ஆட்டம் தொடங்கின கோட்டைத் தாண்டிப் போயிருந்தா, உதைச்ச பக்கத்துக்காரங்க எடுத்துக்கிட்டு ஓட முடியாது. தாண்டாம இந்தப் பக்கமே திரும்பி விழுந்தா எடுக்கலாம், ஓடலாம், எறியலாம். கையில எடுத்து மறுபடியும் உதைக்கக்கூடச் செய்யலாம். விசில் ஊதுற வரைக்கும் அந்தப் பந்துக்கு உசுரு இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா பார்க்கிறேன், மார்லிஸ்."

"இருபத்திரண்டு வருஷமா தப்பாப் பார்த்திருக்க."

"நம்ம பசங்க உதைச்சு நாலு வருஷம் ஆச்சு. இருக்கிறதே எட்டுப் பேர். உன் புஸ்தகத்தக் குளிர்காலத்துக்கு வச்சுக்க, அடுப்பு பத்தவைக்க உதவும்."

எட்டுப் பேர் என்பது உண்மை. எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களில் பதினோரு பையன்கள் தேறமாட்டார்கள்; எட்டுப் பேரை வைத்துத்தான் ஆட்டம். உதைக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இந்த வருஷம்தான் கிடைத்திருந்தான். ப்ரெக்கன் என்று பெயர். பள்ளி இசைக்குழுவில் பெரிய ஊதுகுழல் வாசிக்கிறவன்.

சீசன் முழுக்க நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் அணி தட்டுத்தடுமாறி, தோற்றால் வீட்டுக்கு என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. முதல் ஆட்டமே பக்கத்து ஊரான பிரைஸ் கிராசிங்கோடு. அவர்களுடைய பயிற்சியாளர் ராலி, என் கூடப்பிறந்த தம்பி.

எங்கள் மைதானத்துக்கு விளக்கு கிடையாது. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் ஆட்டம். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் மைதானத்தைச் சுற்றி வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். கைதட்டுவதற்குப் பதில் ஹாரன். சங்கிலி எப்போதும் விருந்தாளி அணி நிற்கிற பக்கம்தான். ஆகவே டோலன்காரர்களான நாங்கள் மூன்று பேரும் பிரைஸ் கிராசிங் கூட்டத்துக்கு நடுவில், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சங்கிலிக்காரர் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது. அது இங்கே மாதா கோயில் வழக்கம் மாதிரி.

"அக்கா, மாமா இடுப்பு எப்படி இருக்கு?" என்றான் ராலி, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ ஒருத்தன்தான்டா அதைக் கேட்ட."

"நல்லாயிருந்தா அவரையே அனுப்பச் சொல்லலாம்னு கேட்டேன். நீ அந்தக் கம்பை எங்க பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடியேன். ஒரு ரெண்டு அடி."

"சங்கிலிக்காரிகிட்ட பேசினா அஞ்சு கெஜம் தண்டனை."

"அப்படி ஒரு விதியே இல்ல."

"படிச்சிருக்கியா?"

அவனும் படித்ததில்லை.

கடைசிக் கால்பகுதி. பிரைஸ் கிராசிங் பதினாலு, நாங்கள் பன்னிரண்டு. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும்போது எங்கள் பையன்கள் எதிராளியின் பதிமூன்றாம் கெஜம் வரை வந்துவிட்டார்கள். நான் பின் கம்பைப் பதிமூன்றில் நட்டேன். மைலோ முன் கம்பை மூன்றில் நட்டான். அப்புறம் நான் கிளிப்பை மாட்டினேன்.

இந்தக் கிளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு. புல்லில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். சங்கிலியை அந்தக் கோடு எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அங்கே கிளிப்பைக் கவ்வ வைக்க வேண்டும். அப்புறம் யார் தடுக்கி விழுந்து சங்கிலியை இழுத்தாலும் கவலையில்லை. கிளிப்பைக் கொண்டுபோய் அதே கோட்டில் வைத்தால் இரண்டு கம்பும் தன்னால் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அது பின் கம்புக்காரரின் வேலை, அதாவது என் வேலை.

இனி மைலோ. மைலோவுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவன் மனைவி டெலோரிஸ் எதிர்ப்பக்கப் பலகையில் மான் வேட்டைக்குக் கொண்டுபோகிற தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பாள். அவள் பார்ப்பது ஆட்டத்தை அல்ல. மைலோ உப்புப் போட்ட சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துவைத்து, தலையைச் சொறிகிற மாதிரிக் கையைக் கொண்டுபோய் வாயில் போட்டு, குனிந்து காலடியில் தோலைத் துப்புவான். அன்றைக்கு எங்கள் பையன்கள் நகரவே இல்லை. முதல் வாய்ப்பில் இரண்டு கெஜம், இரண்டாவதில் இரண்டு கெஜம், மூன்றாவதில் ஒன்றுமில்லை. நடுவில் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டத்தை நிறுத்தி ஆலோசனை செய்தார்கள். மைலோ மூன்றாம் கெஜத்தில் நின்றபடி மென்று மென்று துப்பிக்கொண்டே இருந்தான்.

கடைசி நிறுத்தத்தில் என்னிடம் வந்தான்.

"மார்லிஸ், பொட்டலம் பிரிஞ்சு சட்டைக்குள்ள கொட்டுது. அந்தக் கிளிப்பக் கொஞ்சம் குடேன்."

"அது எதுக்கு இருக்குன்னு தெரியும்ல?"

"நாலாவது வாய்ப்பு. உதைக்கப் போறான். ஒண்ணு உள்ள போகும், இல்ல போகாது. சங்கிலிக்கு இதுல என்ன வேலை? டெலோரிஸ் பார்க்கிறா, சீக்கிரம்."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. புத்தகத்தை மூன்று தடவை படித்தவள், ஒரு கிழவனின் விதைப் பொட்டலத்துக்கு அதைக் கழற்றிக் கொடுத்தேன்.

பந்து ஒன்பதாம் கெஜத்தில். ப்ரெக்கன் ஓடிவந்து உதைத்தான். பிரைஸ் கிராசிங்கில் ஒரு பையன் இருக்கிறான், மக்காச்சோளத் தட்டை உயரம். அவன் கையைத் தூக்கினான். டப் என்று ஒரு சத்தம். பந்து மேலே எழும்பி, சுற்றி, ப்ரெக்கனுக்குப் பின்னால் போய் விழுந்தது.

அவர்கள் பக்கம் ஹாரன்கள் அலறின. அவர்களுடைய எட்டுப் பேரில் ஏழு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். எங்கள் பலகையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. லாவெர்ன் எண் பலகையைத் தோளில் சாய்த்தான். "போச்சுடா. வாங்க போவோம்" என்றான். மைலோ முன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு நடந்தான்.

விசில் ஊதவில்லை. பந்து கோட்டைத் தாண்டவில்லை.

"மைலோ! நட்ட இடத்துலயே நில்லு!" என்று கத்தினேன்.

மைலோவின் காது மந்தம். எடையோ நன்றாக வளர்ந்த கன்றுக்குட்டியின் எடை. சங்கிலி இறுகியது, நான் பின் கம்பை விடாமல் பிடித்தேன், கம்போடு சேர்ந்து நானும் குப்புற விழுந்து நாலு கெஜம் புல்லில் இழுபட்டேன்.

இழுபட்டுக்கொண்டே பார்த்தேன். ப்ரெக்கன் பந்தைப் பார்த்து நின்றான். எங்கள் பயிற்சியாளர் "எடுத்து ஓடுடா" என்கிறான். ஒருத்தன் "எறிடா" என்கிறான். இன்னொருத்தன் "மறுபடி உதைடா" என்கிறான். மூன்றும் விதிப்படி செல்லும், அதுதான் வேடிக்கை. பாவம் பையன், கடைசியாகக் கேட்டதைப் பிடித்துக்கொண்டு, தரையில் கிடந்த பந்தை நோக்கிக் காலைத் தூக்கினான். தரையில் உருளும் பந்தை உதைக்கக் கூடாது. கையில் எடுத்தால்தான் உதைக்கலாம். "கையால எடு" என்ற சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. சங்கிலிக்காரி கத்தக் கூடாது. நாக்கைக் கடித்தேன். நிஜமாகவே கடித்தேன், ரத்தம் வந்தது.

தூக்கிய காலை அவனே கீழே இறக்கினான். குனிந்து எடுத்தான். ஓடினான்.

ஓடியது நேராக எங்கள் பக்கம். கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஏழு பேரும் அவன் தங்களைக் கடந்து போவதைத் திருவிழாவில் தேர் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எட்டாவது பையன் ஒருத்தனுக்குத்தான் புத்தி இருந்தது. விரட்டி வந்து, கோட்டோரத்தில் தோளால் இடித்து வெளியே தள்ளினான். ப்ரெக்கன் தடுமாறிப் போய் ராலியின் தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தான். ஓர நடுவர் ஓடிவந்து பந்து வெளியேறிய இடத்தில் காலை ஊன்றி நின்றார். நானும் எழுந்து அங்கே ஓடினேன்.

அப்போதுதான் விசில் ஊதியது.

"தடுத்தாச்சு! செத்த பந்து! செத்த பந்து!" என்று ராலி குதித்தான்.

தலைமை நடுவர் டாக்டர் ஸ்டோல்ட்ஸ் மெதுவாக நடந்து வந்தார். அவர் பன்றி வைத்தியர், எதற்கும் பதறாதவர்.

"ராலி, செத்ததையும் சாகாததையும் நான் தினமும் பார்க்கிறவன். பந்து கோட்டைத் தாண்டல. உதைச்சவங்க எடுத்துக்கிட்டு ஓடலாம். நாலாவது வாய்ப்புங்கிறதால முன் கம்பைத் தொட்டானா இல்லையாங்கிறது மட்டும்தான் கேள்வி." எங்கள் பக்கம் திரும்பினார். "முன் கம்பு எங்கே?"

முன் கம்பு மைலோவின் தோளில் இருந்தது. மைலோ மைதானத்தின் நடுப்பக்கமாகப் பாதி தூரம் போயிருந்தான்.

"இங்கதான் இருந்துச்சு டாக்டர்" என்று லாவெர்ன் ஓர் இடத்தைக் காட்டினான். அது ஓர நடுவரின் காலுக்கு ஒன்றரை அடி பின்னால். அங்கே என்றால் பந்து கம்பைத் தாண்டியாயிற்று. "ஆமா, அங்கதான்" என்று ஓடிவந்த மைலோவும் சொன்னான். "பொய்! ரெண்டு கெஜம் முன்னாடி இருந்துச்சு!" என்று ராலி கத்தினான்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"கிளிப் எங்கே, மார்லிஸ்?"

மைலோவின் கை சட்டையின் மேல் போய் நின்றது. அவன் கண்ணைப் பார்த்தேன். பசுமாடு மாதிரிக் கெஞ்சியது. எதிர்ப்பக்கம் தூரக்கண்ணாடி வெயிலில் ஒரு தடவை மின்னியது. அதற்குப் பக்கத்தில் டுவேன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"அவ விழுந்தா பாருங்க டாக்டர், அப்ப கழண்டு எங்கயோ போயிருக்கும்" என்றான் லாவெர்ன், எனக்கு உதவி செய்கிறானாம்.

"இருக்கட்டும். ரெண்டு பேர் ஒரே இடத்தச் சொல்றாங்க. மார்லிஸ், நீயும் அதையே சொன்னா நான் அங்க நட்டுடுறேன்."

தலையை ஆட்டினால் போதும். பந்து எங்களுக்கு, புதிதாக நாலு வாய்ப்பு, ப்ரெக்கன் மூன்று கெஜத்திலிருந்து உதைப்பான்; அங்கிருந்து நானே உதைப்பேன். ஊர் ஜெயிக்கும். சட்டை என்னுடையது. தலையாட்டத் தயாராகத்தான் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

தலை குனிந்தேனா, அப்போது கண்ணில் பட்டது. புல்லில் ஒரு குவியல். சூரியகாந்தி விதைத் தோல், ஏழெட்டு நிமிஷம் மென்று துப்பிய குவியல், ஈரமாக. குவியலின் நடுவில் ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் தோலே இல்லை, பச்சைப் புல். கம்பு நின்ற இடம். மைலோ கம்பைச் சுற்றிச் சுற்றியே துப்பியிருந்தான்.

ஓர நடுவரின் கால் அந்த வட்டத்தை எட்டாமல் கொஞ்சம் இந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை மைலோவும் பார்த்தான். அவன் பூட்ஸ் மெதுவாக, யாரும் கவனிக்காத மாதிரி, குவியலை நோக்கி நகர்ந்தது.

"மைலோ, கால எடு" என்றேன்.

அந்தப் பூட்ஸ் இன்னும் அரை அடி போயிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் அங்கே நிற்பதற்கு நான் தகுதியா இல்லையா என்றுதானே இந்த சீசன் முழுக்கக் கேள்வி. இதில் தலையாட்டினால் டுவேனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"கிளிப் கழண்டு விழல, டாக்டர். மைலோவோட விதைப் பொட்டலத்தக் கவ்விக்கிட்டு அவன் சட்டைக்குள்ள இருக்கு. நான்தான் குடுத்தேன். தப்பு என்னுது. முன் கம்பு இந்தக் குவியலுக்கு நடுவுல நின்னுச்சு."

"அது என் குவியல் இல்ல!" என்றான் மைலோ. "நான் உப்ப விட்டு ஆறு மாசம் ஆச்சு!"

டாக்டர் மண்டியிட்டார். ஒரு தோலை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். பிறகு எழுந்து மைலோவின் தாடையைப் பிடித்தார்.

"வாயத் திற."

"டாக்டர், நான் மனுஷன்..."

"திற."

திறந்தான். கடைவாயில் இரண்டு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அவன் சட்டைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். அதைக் கவ்வியபடி கிளிப், ஆரஞ்சு நிறத்தில், ஊருக்கே தெரிகிற மாதிரி. எதிர்ப்பக்கம் டெலோரிஸ் தூரக்கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"செத்தேன்" என்றான் மைலோ.

டாக்டர் முன் கம்பை வாங்கி அந்த வட்டத்தில் நட்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. ஓர நடுவரின் காலடியில் பந்தை வைத்தார்கள். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் இடையில் டாக்டர் கையை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரல்" என்றார். "தொடல. பந்து பிரைஸ் கிராசிங்குக்கு."

ராலியின் பையன்கள் இரண்டு தடவை பந்தை வாங்கி மண்டியிட்டு நேரத்தை ஓட்டினார்கள். அவ்வளவுதான். பதினாலு, பன்னிரண்டு. எங்கள் பக்கம் ஒரு ஹாரன்கூட இல்லை.

ராலி என்னிடம் வந்தான்.

"அக்கா, உன் இடத்துல நான் இருந்தா தலையாட்டியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் சின்ன வயசுல உன்னைச் சீட்டாட்டத்துல சேர்க்கல."

அவன் சிரித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். அந்த நேரத்தில் அவனைப் பிடித்துத் தள்ள வேண்டும்போலவும் இருந்தது, அவன் தோளில் அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ப்ரெக்கன் தண்ணீர்க் குடத்தில் நனைந்த சட்டையோடு வந்து நின்றான்.

"நாலு விரலா?" என்றான்.

"நாலு விரல்டா."

"யாரோட விரல்? டாக்டரோடதா? அவரு விரல் தடிமன்." கொஞ்சம் யோசித்தான். "மறுபடி உதைச்சிருக்கலாமோ?"

"உதைச்சிருக்கலாம். கையில எடுத்துட்டு."

"எவனும் முன்னாடியே சொல்லித் தரலையே!" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது நியாயம்.

ஆட்டம் முடிந்தால் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் மிளகாய்ப் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும் இரண்டு ஊருக்கும் சேர்த்துப் போடுவார்கள். தோற்ற ஊர் பரிமாற வேண்டும். எனக்குப் பரிமாறியவர்கள் குழம்பைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்த்தார்கள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மூலையில் டெலோரிஸ் மைலோவுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் தட்டில் வெறும் ரொட்டியை வைத்துவிட்டு அவன் அதைத் தின்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை வாங்கிக்கொண்டு வெர்லினின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பசி இல்லை. ஆரஞ்சு சட்டை முழுக்கப் புல் கறை.

டுவேன் நேராக வந்தான். முகத்தில் ஒரு துக்கம். துக்கத்துக்குக் கீழே ஒரு சந்தோஷம்.

"மார்லிஸ். நாம பேசிக்கிட்டது ஞாபகம் இருக்குல்ல. ஒரே ஒரு தப்பு."

கையை நீட்டினான். நான் சட்டையின் முதல் பொத்தானில் கைவைத்தேன். பேசினது பேசினதுதான், கிளிப்பைக் கொடுத்தது நான்தான்.

ஆனால் வெர்லின் முந்திக்கொண்டான். ஆத்திரத்தில் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. என்னைத் திட்டத்தான் முந்தினான்.

"உன்னை யாரு கிளிப்பப் பத்தி வாயத் திறக்கச் சொன்னது? இருபத்திரண்டு வருஷம் சங்கிலி பிடிச்சேன். ஒரு நாளாவது அந்தக் கிளிப்பச் சங்கிலியில மாட்டியிருக்கேனா? அது நம்ம வீட்டுல சிப்ஸ் பொட்டலத்துல கிடந்துச்சு! கேட்டா, 'இதோ இங்க'ன்னு ஒரு இடத்தக் காட்ட வேண்டியது. நட்டுட்டுப் போவாங்க. எவனாவது கேள்வி கேட்டானா? நீ வந்த ஒரே சீசன்ல..."

எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். கரண்டிச் சத்தம்கூட இல்லை. அதை வெர்லினும் கவனித்துவிட்டான், ஆனால் பிரேக் பிடிக்க நேரமாகிவிட்டது.

டுவேனின் கை நீட்டியபடியே நின்றது.

"ஒரு நாளும் மாட்டலையா?" என்றான்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"என் பையன் விளையாடின வருஷம்? இறுதி ஆட்டம்? சங்கிலிய நடுவுல கொண்டுவந்து அளந்து, அரை அங்குலத்துல தொட்டான்னு சொன்னாங்களே?"

வெர்லின் குழம்பைக் கிளறினான். அந்த அரை அங்குலத்தின் படம் இன்னும் பள்ளிக்கூட வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. படத்தில் டுவேனின் பையன் சிரிக்கிறான், பக்கத்தில் வெர்லின் கம்போடு நிற்கிறான். டுவேன் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவான்.

"அரை அங்குலமா இருக்கலாம்" என்றான் வெர்லின். "அரை கெஜமாவும் இருக்கலாம். எந்தப் பக்கம்னு கேட்காத."

பக்கத்து மேஜையில் ராலி குழம்பை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினான். டாக்டர் ஸ்டோல்ட்ஸ் தன் தட்டை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

"டுவேன், விசில் ஊதியாச்சா?" என்றேன்.

"என்ன விசில்?"

"தடுத்தீங்க, சரி. ஆனா பந்து இன்னும் கோட்டைத் தாண்டல. நான் எடுத்துக்கிட்டு ஓடப் போறேன். பக்கம் நாற்பத்திமூணு, வேணும்னா படிச்சுப் பாரு."

நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. என் தட்டிலிருந்த இலவங்கப்பட்டை ரோலை எடுத்து அதில் வைத்தேன்.

டுவேன் அந்த ரோலைப் பார்த்தான். அப்புறம் வெர்லினைப் பார்த்தான். அப்புறம் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரோலை ஒரு கடி கடித்தான்.

"அடுத்த சீசனுக்கு ரெண்டு கிளிப் வாங்கிடுறேன்" என்றான், வாய் நிறைய. "மைலோவுக்கு ஒண்ணு."

"மைலோவுக்கு வேண்டாம்" என்றாள் டெலோரிஸ், மூலையிலிருந்து.